கப்பல்காரர் போட்ட கோடு

கப்பல்காரருக்கு முடி வெட்டுகிறவர் ஒரு தடவை கத்தரி நுனியால் அவர் காது மடலைக் கீறிவிட்டார். சின்னக் கீறல்தான். மஞ்சள் வைத்தால் மறுநாள் ஆறிவிடும். வேறு ஆளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த மாதம் வேறு கடைக்குப் போயிருப்பார். கப்பல்காரர் அதே கடைக்குத்தான் போனார். மாதம் தவறாமல் போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும், துணியைப் போர்த்துவதற்கு முன்னால், இரண்டு விரலால் அந்தக் காதைத் தொட்டுக் காட்டுவார். வாயைத் திறக்கமாட்டார்.

கடைக்காரர் என்னிடம் வந்து புலம்பினார். "ஏய்யா, நீதான அவருகூடச் சுத்துற. வேற கடைக்குப் போகச் சொல்லேன். அவரு காதத் தொட்டாலே எனக்குக் கை உதறுது."

நானும் சொல்லிப் பார்த்தேன்.

"எதுக்குப் போகணும்?" என்றார் கப்பல்காரர். "நல்லாத்தான வெட்டுறாரு."

அப்படி ஒரு மனிதர். அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஊரில் யாரும் இல்லை. பெருமாள்மலைப் பக்கத்துக்காரர். இளவயசிலேயே மலையை விட்டு இறங்கி, கப்பலில் கரண்டு வேலை, ரேடியோ வேலை, ராடார் வேலை என்று உலகமெல்லாம் சுற்றிவிட்டு, தலை நரைத்த பிறகு திரும்பி வந்தார். பெருமாள்மலையில் சொந்த வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே போகாமல் கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு அறை வாடகைக்குப் பிடித்தார். ஜன்னலைத் திறந்தால் நான் வேலை பார்த்த படகுத் துறை நேராகத் தெரியும். எந்த நேரம் நிமிர்ந்து பார்த்தாலும் அந்த ஜன்னலில் ஒரு நீலக் கம்பளிக் குல்லா தெரியும். கண்ணாடி மூடியிருந்தால் உள்ளே ஆவி படிந்து குல்லா மட்டும் கலங்கலாகத் தெரியும்.

ஏரியிலிருந்து மேலே ஏறுகிற வளைவில் ஒரு பேக்கரி உண்டு. அந்தக் கடை அம்மா ஒரு நாள் நாலு பேர் முன்னால், "கப்பல் ரொட்டி தின்ன வாய்க்கு நம்ம பன்னெல்லாம் எறங்குமா?" என்று கேலி பண்ணிவிட்டது. விளையாட்டுக்குச் சொன்னதுதான். அன்றிலிருந்து அவர் ஊரின் மறுகோடியிலுள்ள இன்னொரு பேக்கரியில் ரொட்டி வாங்கி, அந்தக் கடைக் காகிதம் வெளியே தெரிகிற மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இந்த அம்மாவின் கடை வாசல் வழியாகவே நடந்து போவார். அது அவருக்கு வழியே கிடையாது, சுற்று. மழையில் ரொட்டி ஊறிப்போய்க் கூழானாலும் அந்த வழிதான்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம். நாங்களும் சிரித்திருக்கிறோம். சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. அதற்காகத்தான் அவர் ஏரியைப் பார்த்தபடி அறை பிடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அது தெரியும். நானும் அதே மாதா கோயில்தான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும் எல்லோரும் முன்னும் பின்னும் திரும்பிக் கை கூப்புவோம். எங்கள் படகுத் துறையைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய முதலாளி முதல் வரிசையில் உட்காருவார். கப்பல்காரர் சரியாக அவருக்குப் பின்னால் உட்காருவார். முதலாளி திரும்பிக் கை கூப்புகிற நேரத்தில் இவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருப்பார். வாரம் தவறாமல் அந்த வார் அந்த நேரத்தில்தான் அவிழும். முதலாளி திரும்பாமல் இருந்தும் பார்த்தார். அப்போது இவர் மூச்சு அவர் பிடரியில் படும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கப்பல்காரருக்கு ஒரு அண்ணன். எங்கள் துறையில் என்னோடு படகு ஓட்டியவர். நான் துடுப்புப் படகு, அவர் மோட்டார் படகு. நான் பெரியண்ணே என்று கூப்பிடுவேன். வாயில் ஒரு பீடி கிடையாது, சாராயம் கிடையாது. மழை விழாத ஒரு கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாணல் மூலைக்குப் போனார். எங்கள் ஏரி கை கையாகப் பிரிந்து கிடக்கும். அதில் ஒரு கை, நாணல் அடர்ந்தது, ஒதுக்குப்புறம். அங்கே தண்ணீருக்குள் எதுவோ படகின் அடியைக் கிழித்துவிட்டது. பெரியண்ணன் இடுப்பளவு சேற்றில் இறங்கி, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நாணலில் கொண்டுபோய் நிறுத்தி, அப்புறம் பெரியவர்களை இழுத்துக் கரை சேர்த்தார். ஒரு உயிருக்கும் சேதமில்லை.

"உள்ள இரும்பு கெடக்கு. சத்தியமா இரும்பு" என்று அவர் சொன்னார்.

முதலாளி சொன்னது வேறு. "குடிச்சிட்டுப் பாறையில ஏத்திட்டான். ஏரி தெரியாதவனை வச்சிருந்தது என் தப்பு." துறையில் நின்றுகொண்டு, எல்லோர் காதிலும் விழ, அழுத்தமாகச் சொன்னார். ஊரும் அதையே திருப்பிச் சொன்னது. அதற்குப் பிறகு எந்தத் துறையிலும் பெரியண்ணனைச் சேர்க்கவில்லை. மலையில் தலைகாட்ட முடியாமல் வத்தலக்குண்டுக்கு இறங்கி, மகள் வீட்டில் இருந்துகொண்டு வாழைக்காய் மண்டியில் தார் எண்ணப் போனார். திரும்ப மேலே வரவேயில்லை. நாணல் மூலை வாசலில் முதலாளி மிதவைக் கயிறு கட்டி, களை அதிகம், யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்போது கப்பல்காரர் எந்தக் கடலிலோ இருந்தார். ஏதோ துறைமுகத்திலிருந்து போன் போட்டபோதுதான் சேதி தெரிந்ததாம். வந்த பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கண்ணன் குடிப்பானா தம்பி?"

"இல்லண்ணே."

"சரி" என்றார். அவ்வளவுதான். அதிலிருந்து வாராவாரம் என் படகில் ஏறி ஏரியைச் சுற்றி வருவார். பேசமாட்டார். கயிற்றுக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும், "மெதுவா வலி" என்பார்.

இப்படியே வருடங்கள் போயின. அப்புறம்தான் முதலாளிக்குப் பெரிய படகு ஆசை வந்தது.

கூரை போட்ட படகு. உள்ளே மெத்தை இருக்கை, கண்ணாடி, ஒரு பெரிய டிவி. கொச்சியிலிருந்து வந்தது. கடலில் போகிற படகில் இருக்கிற கருவியெல்லாம் அதில் இருந்தது. வானத்தைப் பார்த்து இடம் சொல்லும் ஜி.பி.எஸ்., தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி ஆழம் சொல்லும் எக்கோ மிஷின், திசைகாட்டி. எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்து, அதை டிவியில் காட்டிவிட்டால், மஞ்சு இறங்கி ஒன்றும் தெரியாத நேரத்திலும் படகு விடலாம். முதலாளி ஊர் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மஞ்சு என்பது இங்கே மூடுபனி. சீசனில் பாதி நாள் மஞ்சால் படகு விட முடியாமல் சுற்றுலாக்காரர்கள் கரையில் நின்று சோளக்கதிர் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அவர் ஆசையைக் குறை சொல்லமாட்டேன்.

கருவிகளை மாட்டிய ஆட்கள் படகோடு வந்து, மாட்டிவிட்டு இறங்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரோடு சேர்க்கிற வேலை பாக்கி. அதற்கு ஆள் வர நேரமாகும் என்றார்கள். திறப்பு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த மலையில் அந்த வேலை தெரிந்தவர் ஒருத்தர்தான். முதலாளிக்கு அது தெரியும்.

அவர் அந்த அறைக்கு ஏறிப் போனபோது பழப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

"சார், பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றார் முதலாளி.

"எது பழசு?"

"அதான் சார்... அண்ணன் விஷயம்."

"என்ன விஷயம்? வாயால சொல்லுங்க, கேப்போம்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பழப்பெட்டியைப் பார்த்தேன்.

"அவரு அன்னைக்கு... கொஞ்சம் போட்டுட்டு..."

"ம்."

"பாறையில ஏத்திட்டாரு. போகட்டும், மனுசன்னா தவறுறதுதான். நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் சார்."

கப்பல்காரர் குல்லாவைக் கழற்றி உதறி மாட்டிக்கொண்டார். பிறகு, "மன்னிச்சுட்டீங்க. சந்தோசம்" என்றார். "நாளைக்கு வெள்ளனே வர்றேன். இவனைக் கூட விடுங்க. சோலி சீக்கிரம் முடியும்."

படியிறங்கும்போது முதலாளிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியாடா? எல்லாரும் தொழிலைக் காட்டணும்னு ஏங்குறவங்கதான்" என்றார். கப்பல்காரர் வயரை மாற்றிக் கொடுத்து அந்தப் படகைப் புகைய வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மனிதர் கோயில் வேலை மாதிரிச் செய்தார். படகுக்குள் மல்லாந்து படுத்து, வாயில் ஒரு வயரும் கையில் ஒரு வயருமாக, எனக்குச் சொல்லிக்கொண்டே செய்தார்.

"இதுக எல்லாம் ஒரே பாஷைதான் பேசுது தம்பி. ஆனா ஒண்ணு வெரசாப் பேசும், ஒண்ணு இழுத்து இழுத்துப் பேசும். யாரு எந்த வேகத்துல பேசுறாங்கன்னு கம்ப்யூட்டருக்கு மொதல்லயே சொல்லிடணும். இல்லைன்னா அதுக்குக் கிறுக்கு மாதிரி எழுத்து வரும். அப்புறம், பேசுற வயரைக் கேக்குற வயரோட முடியணும். பேசுறதைப் பேசுறதோட முடிஞ்சா ரெண்டும் கத்திக்கிட்டே கெடக்கும், கேக்க ஆளிருக்காது."

எனக்கு எழுத்து வராது. எண் மட்டும் வரும். அதனால் வயர் நிறத்தைப் பிடித்துச் சொன்னார். நான் நிறம் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து கம்ப்யூட்டரைப் போட்டால், அதிலிருந்த அம்புக்குறி தானாக ஓட ஆரம்பித்தது. மூலைக்கு ஓடுது, நடுவுக்கு வருது, எதையோ திறக்குது, மூடுது. யாரும் கையே வைக்கவில்லை. முதலாளியின் தங்கச்சி மாப்பிள்ளை அங்கே நின்றுகொண்டிருந்தார். "வைரஸ் சார் வைரஸ்" என்று துள்ளினார். கப்பல்காரருக்கும் பிடிபடவில்லை. நெடுநேரம் கம்ப்யூட்டரைத் தமிழிலும் வேறு ஏதோ பாஷைகளிலும் திட்டினார். கழற்றினார், மாட்டினார். மத்தியானம் என் வீட்டுச் சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஜி.பி.எஸ். ஓயாமப் பேசிக்கிட்டே இருக்குல்ல? கம்ப்யூட்டர் கண்ணு முழிக்கிறப்பவே அந்தப் பேச்சு காதுல விழுந்திருச்சு. யாரோ மவுஸைப் புடிச்சு ஆட்டுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு அது இஷ்டத்துக்கு ஆடுது. மொதல்ல கம்ப்யூட்டர் முழிக்கட்டும், அப்புறம் ஜி.பி.எஸ்ஸைப் போடுவோம்." சிரிப்பு சட்டென்று நின்றது. "பேசுறவன் யாருன்னே பாக்காம ஆடுது பாரு. நம்ம ஊருக்காரனுக மாதிரியே."

அவர் சொன்ன மாதிரி செய்ததும் அம்புக்குறி அடங்கிவிட்டது. படம் வந்தது. வந்த படத்தில் ஏரியைக் காணோம். அந்தக் கம்ப்யூட்டருக்குக் கடல் மட்டும்தான் தெரியுமாம். எங்கள் ஏரி இருந்த இடம் முழுக்க மண் நிறம். அதன் நடுவில் எங்கள் படகு சின்ன முக்கோணமாக உட்கார்ந்திருந்தது.

"மலை மேல கப்பல் ஓட்டுறோம் தம்பி" என்றார். "இதுக்கு ஏரியைக் காட்டிக் குடுக்கணும். போன எடமெல்லாம் ஆழம் பதிஞ்சுக்கிட்டே வரும். ஏரி பூராவும் ஓட்டணும்."

முதலாளி சரி என்றார். "நாணல் மூலை மட்டும் வேண்டாம் சார். களை மோட்டார்ல சுத்திக்கும்."

"வேண்டாம்னா வேண்டாம்" என்றார் கப்பல்காரர்.

பிறகு வந்த நாட்களில் ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாக உழுதோம். படகு போகப் போக மண் நிறத்தின் மேல் நீலம் விழுந்தது. ஆழம் என்றால் கருநீலம், மேடு என்றால் மஞ்சள். இத்தனை வருடம் துடுப்பு வலித்த ஏரிக்கு அடியில் இப்படி ஒரு பள்ளம் மேடு இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஒரு நாள் விடியக்காலையில் நல்ல மஞ்சு. என் கை எனக்குத் தெரியவில்லை. துறையிலிருந்து பத்தடி தள்ளினால் யாருக்கும் எங்களைத் தெரியாது. கப்பல்காரர் டிவியைப் பார்த்தே ஓட்டினார். கயிறு வந்ததும், "தூக்கு" என்றார். தூக்கினேன். உள்ளே போனோம். களை அவ்வளவாக இல்லை. மோட்டாரை மெதுவாக்கி, நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி போகவும் வரவும் இருந்தார். நீலம், நீலம், நீலம். ஒரு இடத்தில் ஆழம் காட்டுகிற எண் மளமளவென்று குறைந்து, படத்தில் மஞ்சளாக ஒரு கட்டை விழுந்தது. நாலு மூலையும் நேராக இருந்தது. பாறை அப்படி இருக்காது.

ஓரமாக நின்று கயிற்றில் கொக்கியை இறக்கினார். டொங் என்றது. எனக்குக் கயிற்றில் கை வைக்காமலே கேட்டது.

அது என்னவென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் துறையில் முன்னால் ஒரு இரும்பு மிதவை மேடை இருந்தது. படகில் ஏறுகிறவர்கள் அதில் நின்றுதான் ஏறுவார்கள். ஓட்டை விழுந்ததும் முதலாளி புது மேடை போட்டார். பழையதை வத்தலக்குண்டில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பெரியண்ணன் படகு கிழிவதற்கு முந்தின மழைக்காலத்தில், அடைமழைக்கு எங்களுக்கெல்லாம் லீவு விட்டிருந்த வாரத்தில் அது காணாமல் போயிருந்தது. லாரிக் கூலிக்குப் பார்த்து ஏரியிலேயே அமுக்கிவிட்டிருக்கிறார்.

"அண்ணே, வாங்க, இப்பவே போய் எல்லாரையும் கூப்புட்டுக் காட்டுவோம்" என்றேன்.

"காட்டுனா என்ன சொல்லுவாரு? எவனோ போட்டான், எனக்குத் தெரியாதும்பாரு." கொக்கியைச் சுருட்டி வைத்தார். "அவரு வாயால சொல்ல மாட்டாரு. அவரு கை சொல்லணும்."

எனக்கு விளங்கவில்லை. திறப்பு விழாவன்று பெரிய டிவியில் அந்த மஞ்சள் கட்டையைப் போட்டு மானத்தை வாங்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் இனித்தது. முதலாளி எனக்குச் சோறு போட்டவர்தான். இருந்தாலும் பெரியண்ணன் தலைகுனிந்து பஸ் ஏறியது கண்ணிலேயே நின்றதால் இனித்தது.

விழாவன்று சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். கீழேயிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். பேரன் பேத்திகள், பாட்டுப் பாடிய கோயில் பிள்ளைகள், ஊரில் நாலு முக்கியமானவர்கள் எல்லோரும் படகில் ஏறினார்கள். முதலாளி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு தானே சக்கரத்தைப் பிடித்தார். கப்பல்காரர் டிவிக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார். நான் முன்னால் கயிற்றோடு.

"சார், இதுல ஏரிக்கு அடியில இருக்குற கல்லு மண்ணுகூடத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம். எங்க வேணாலும் போகலாம்" என்றார் முதலாளி, அதிகாரியிடம்.

கப்பல்காரர் பணிவாகக் கேட்டார். "ஐயா, அந்த நாணல் மூலையைப் பாத்திருக்கீங்களா? ரொம்ப அழகு. யாரையும் விடுறதில்ல."

"அப்படியா? போகலாமே" என்றார் அதிகாரி.

"அங்க களை சார்..." என்றார் முதலாளி.

"எங்க வேணாலும் போகலாம்னீங்களே?"

பிள்ளைகள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். என்னைக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்துவிட்டுத் திரும்பி டிவியைப் பார்த்தேன். நாணல் மூலை முழுக்கச் சீரான கருநீலம். மஞ்சள் கட்டை இல்லை. நாங்கள் பதித்த அந்த மஞ்சளை மட்டும் அவர் அழித்து நீலமாக்கியிருந்தார். அதற்கு மேல் சிவப்பில் ஒரு நேர்கோடு போட்டு வைத்திருந்தார், படகு போக வேண்டிய வழி. கோடு எதன் மேல் போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கும் ஏரி வற்றித்தான் கிடந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கப்பல்காரர் என்னைப் பார்த்தார். அந்த மாதிரிப் பார்வையை நான் மனிதர் முகத்தில் பார்த்ததில்லை. அவர் என்னை விட்டுவிட்டு முதலாளியின் கைகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பாருங்க, படகு கோட்டு மேலயே போகுது!" என்று ஒரு பெண்பிள்ளை கத்தியது. எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். முக்கோணம் கோட்டில் ஊர்ந்தது. முதலாளி மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. கரையில் நின்ற ஒற்றைச் சவுக்கு மரத்தையும் எதிர்க் கரைப் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே வேர்வை வழிந்தது. சட்டென்று சக்கரத்தை ஒரே சுற்றாகச் சுற்றினார்.

படகு சாய்ந்தது. பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். அதிகாரியின் மூக்குக் கண்ணாடி தண்ணீரில் போனது. கப்பல்காரர் மட்டும் கை கட்டியபடியே நின்றார்.

"என்னாச்சு? ஏன் திருப்புனீங்க?" என்றார் அதிகாரி.

"களை சார், களை..."

"எங்க களை?" கப்பல்காரர் குரலே உயரவில்லை. "படம் சுத்தமா இருக்கு. தண்ணி சுத்தமா இருக்கு. யாருக்கும் ஒண்ணும் தெரியல. ஒங்களுக்கு மட்டும் எதைக் கண்டு கை திரும்புச்சு மொதலாளி? தம்பி, கொக்கியைப் போடு."

போட்டேன். அவர் காட்டிய இடத்திலேயே மாட்டியது. நானும் இன்னொருத்தரும் சேர்ந்து இழுத்ததில் துருப்பிடித்த கம்பி ஒன்று பிய்ந்து வந்தது. அதில் அங்கங்கே பச்சைப் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது நம்ம பழைய மேடைக் கம்பி. இந்தப் பெயின்ட் நான் அடிச்சது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"எவனோ கொண்டாந்து போட்டிருக்கான்" என்றார் முதலாளி.

"எவனோ போட்டது, இந்த எடத்துல கெடக்குன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அதிகாரியே கேட்டுவிட்டார். முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்கண்ணன் படகு இதுலதான் கிழிஞ்சுச்சு" என்றார் கப்பல்காரர் எல்லோருக்கும் பொதுவாக. "அவன் குடிக்கல. அவனுக்கு ஏரி தெரியும்."

சாயந்திரத்துக்குள் பெருமாள்மலை வரை பேச்சு பரவிவிட்டது. முதலாளி துறையை வேறு ஆளுக்கு விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். அதற்குப் பின்னால் வரிசை கிடையாது. கப்பல்காரர் வாசல் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில், சரியாக அவர் பிடரிக்குப் பின்னால், பூசை முடியும் வரை நின்றே இருந்தார்.

டீக்கடையில் நான் கேட்டேன். "அண்ணே, அவரு திருப்பாம இருந்திருந்தா?"

"திருப்புவாரு."

"ஒருவேளை மறந்து போயிருந்தா?"

"செஞ்சவன் மறப்பானா?" என்றார். டீயை முழுசாகக் குடித்தார்.

மறுவாரம் இரண்டு பேரும் பஸ் ஏறி வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். அந்தக் கம்பியைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தது முகம். மண்டியில் பெரியண்ணன் மலைவாழைத் தார்களுக்கு நடுவே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். கப்பல்காரர் கம்பியை அவர் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கோடு போட்டது, படத்தை அழித்தது, முதலாளி கை திரும்பியது எல்லாம். நான் பெரியண்ணன் முகம் மலர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"படகுல பிள்ளைக இருந்துச்சா?" என்று கேட்டார் பெரியண்ணன்.

"இருந்துச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"எத்தனை?"

கப்பல்காரர் கம்பியைச் சுற்றியிருந்த செய்தித்தாளை மடிக்க ஆரம்பித்தார்.

"ஏலே, அன்னைக்கு எனக்கு அங்க இரும்பு கெடக்கது தெரியாது" என்றார் பெரியண்ணன். "தெரியாமத்தான் பிள்ளைகளைக் கொண்டு போனேன். இன்னைக்கும் தூக்கம் வரல. அந்த மொதலாளிக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். தெரிஞ்சே கோடு போட்டிருக்க."

"ஒனக்காகத்தாண்ணே."

"எனக்காக எந்தப் பிள்ளையையும் படகுல ஏத்தச் சொன்னேனா?" கம்பியைக் காலால் தள்ளிவிட்டார். "போ. இனிமே இங்க வராத."

திரும்பித் தார்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வெகுநேரம் நின்றோம். பெரியண்ணன் திரும்பவே இல்லை. கடைசியில் நான்தான் கப்பல்காரரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

மலையேறுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். குளிர் தொடங்குகிற வளைவில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார். "பேசமாட்டானாம்ல. நானும் அவன்கூடப் பொறந்தவன்தான். யாரு மொதல்ல வாயத் தெறக்குறான்னு பாப்போம்."

பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நான் எத்தனையோ தடவை சொன்னேன். நீங்க இளையவரு, நீங்க போய் ஒரு வார்த்தை சொன்னா என்ன என்று. அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவார். பெரியண்ணன் ஒரு மழைக்காலத்தில் வத்தலக்குண்டிலேயே போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குக் கப்பல்காரரும் வந்தார். எல்லோரும் மண் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு கடைசியாகக் குனிந்து ஒரு பிடி எடுத்தார். போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"ஜெயிச்சுட்டான் தம்பி."